வளைகுடாவில் உழைப்பவருக்கு வயதான காலத்தில் வருமானம் எங்கிருந்து வரும்?

அன்புள்ள தம்பிக்கு,

ஓசூர் சிப்காட் தொழிற்சாலையில் ஏழாண்டு வேலை பார்த்துவிட்டு இப்போது துபாய்க்கு வந்திருக்கும் நீங்கள், அங்கே பிடித்ததைப் போல இங்கும் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) பிடிப்பார்களா என்றும், மிச்சமாகும் பணத்தையெல்லாம் ஊருக்கு அனுப்பிச் சந்தூர் பக்கம் ஒரு மாந்தோப்பு வாங்கிவிட்டால் வயதான காலத்துக்கு அது போதாதா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

நம்மைப் போன்றவர்களுக்கு இங்கே பி.எஃப். கிடையாது. வேலையை விட்டு விலகும்போது தரும் கிராஜுவிட்டி மட்டுமே உண்டு. முதல் ஐந்தாண்டுகளுக்கு ஆண்டுக்கு 21 நாள் சம்பளமும் அதன்பின் ஆண்டுக்கு 30 நாள் சம்பளமும் சேரும். மொத்தம் இரண்டாண்டுச் சம்பளத்தைத் தாண்டாது. இதில் படிகள் சேராத அடிப்படைச் சம்பளம் மட்டுமே கணக்கில் வரும் என்பதால் உங்கள் ஒப்பந்தத்தை எடுத்து அந்த ஒரு வரியைப் பாருங்கள். மாதம் 6,000 திர்ஹம் வாங்குபவரின் அடிப்படைச் சம்பளம் 3,000 என்று எழுதியிருந்தால், இருபது ஆண்டு உழைப்புக்குக் கிடைப்பது 55,500 திர்ஹம். அதுவே 4,000 என்றிருந்தால் 74,000. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது மொத்தத் தொகையை மட்டும் பேசாமல் இதையும் பேசுங்கள். எப்படிப் பேசினாலும் அந்தப் பணம் ஒரு முதுமைக்குப் போதாது. விசா வேலையோடு கட்டப்பட்டிருப்பதால் நம்மில் பெரும்பாலோரின் முதுமை ஊரில்தான் கழியும். அதற்கான பணத்தை நாமேதான் எடுத்து வைக்க வேண்டும்.

தோப்பு விஷயத்தில் முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டில் வாழும் இந்தியர் தம் பெயரில் விவசாய நிலமோ தோப்போ வாங்கக் கூடாது. பரம்பரைச் சொத்தாக வந்தால் வைத்துக்கொள்ளலாம், வீட்டுமனையும் வீடும் வாங்கலாம். பணத்தை அப்பாவுக்கே கொடுத்து அவர் வாங்கினால் அது அவருடைய சொத்து. அவர் உயில் எழுதாமல் காலமானால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மாவுக்கும் உங்களுக்கும் உடன்பிறந்தவர்கள் அனைவருக்கும், அப்பாவின் அம்மா இருந்தால் அவருக்கும், அது சமபங்காகப் பிரியும். அக்கா தங்கைக்குப் பங்கு போவதை நான் குறையாகச் சொல்லவில்லை. உங்கள் ஓய்வுக்காலம் முழுவதையும் அதை நம்பி வைக்காதீர்கள் என்பதற்காகவே சொல்கிறேன். வருமானமும் நிலையில்லாதது. பெங்களூரா ரக மாங்காய்க்கு மாங்கூழ் ஆலைகள் கொடுப்பதே விலை. காய்ப்பு மிகுந்த ஆண்டில் பறிப்புக்கூலிக்கும் வண்டி வாடகைக்கும் கட்டுப்படியாகாமல், பழுத்து உதிரட்டும் என்று மரத்திலேயே விட்ட தோப்புகளை நம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் நான் பார்த்திருக்கிறேன்.

ஆகவே சம்பளம் வந்த அன்றே ஒரு பங்கை ஒதுக்கிவிட்டு மீதியை வீட்டுக்கு அனுப்புங்கள். ஊரில் இருக்கும் சாதாரண சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்திருக்கக் கூடாது. வங்கியில் சொல்லி, வெளிநாட்டில் வாழ்பவர் ஊரில் வரும் பணத்துக்கு வைத்திருக்கும் என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றிவிட்டு, இங்கே சம்பாதிப்பதைப் போட என்.ஆர்.இ. கணக்கு ஒன்றைத் தொடங்குங்கள். நீங்கள் வெளிநாட்டில் வாழும் வரை அதன் வட்டிக்கு இந்தியாவில் வருமான வரி இல்லை. புதிதாகப் பி.பி.எஃப். (பொது வருங்கால வைப்பு நிதி) கணக்கு தொடங்க நமக்கு அனுமதி இல்லாவிட்டாலும் தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் சேரலாம்.

மருத்துவக் காப்பீட்டைத்தான் நம்மவர்கள் கடைசிவரை நினைப்பதில்லை. கம்பெனி தரும் காப்பீடு வேலையோடு முடிந்துவிடும். என்னோடு அறையில் தங்கியிருந்த காவேரிப்பட்டணத்துக்காரர் ஒருவர் சர்க்கரை நோயோடு ஊர் திரும்பினார். அந்த வயதில் பாலிசி எடுக்கப் போனபோது பிரீமியமும் அதிகம், ஏற்கெனவே உள்ள நோய்க்கு மூன்றாண்டு காத்திருக்கவும் வேண்டும் என்றார்கள். அதற்குள் இருதய சிகிச்சைக்குப் பெங்களூருவுக்குப் போக வேண்டிவந்து, அவர் சேமிப்பில் பாதி போய்விட்டது. உடம்பு நன்றாக இருக்கும் இந்த வயதிலேயே இந்தியாவில் ஒரு பாலிசி எடுத்து, இடைவெளி விடாமல் புதுப்பித்து வாருங்கள்; அப்பா அம்மாவுக்கும் தனியாக எடுங்கள்.

ஓசூரில் பிடித்த பி.எஃப். பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அவசரமானது அதுதான். அதோடு சேர்ந்த ஓய்வூதியத் திட்டத்தில் பத்தாண்டு சேவை இருந்தால் 58 வயதில் மாத ஓய்வூதியம் கிடைக்கும்; உங்களுக்கு மூன்றாண்டுதான் குறைகிறது. ஓய்வூதியப் பணத்தை எடுத்துவிட்டால் அந்த ஏழாண்டும் அழிந்துவிடும். எடுக்காமல் படிவம் 10சி கொடுத்து ஸ்கீம் சர்டிபிகேட் (அந்தச் சேவைக்கான சான்றிதழ்) வாங்கி வைத்தால், திரும்பிவந்து ஓசூரிலேயே ஏதாவது கம்பெனியில் சேரும்போது பழைய சேவையோடு புதியது சேர்ந்துகொள்ளும். பணம் எடுக்க ஏற்கெனவே விண்ணப்பித்திருந்தால் உடனே எழுதுங்கள்.