சிலந்தியின் கால் தெளிவு, கண் மங்கல்: ஏன்?

கேள்வி: வீட்டுத் தோட்டத்துச் சிலந்திகளை 100 மி.மீ. மேக்ரோ லென்ஸில் (மிக நெருங்கி எடுக்க உதவும் லென்ஸ்) எடுக்கிறேன். கால் தெளிவாக வந்தால் கண் மங்கிவிடுகிறது. லென்ஸின் துளையைச் சுருக்கி எஃப் 32 வரை (எஃப் எண் கூடினால் துளை சிறுக்கும்) வைத்துப் பார்த்தேன், மொத்தப் படமும் மங்கல். லென்ஸில் கோளாறா?

பதில்: லென்ஸ் மேல் பழி போட வேண்டாம். சிலந்தி அதன் நிஜ அளவிலேயே கேமராவுக்குள் படம் பதியும் சென்சாரில் விழும்போது, எஃப் 11 வைத்தாலும் ஃபோகஸ் நிற்கும் ஆழம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான். எட்டுக் கால்களை அதற்குள் எங்கே அடக்குவது? எஃப் 32 என்று நீங்கள் வைப்பது அந்த நெருக்கத்தில் ஏறக்குறைய எஃப் 64 போல வேலை செய்யும். அவ்வளவு சின்னத் துளையில் ஒளி விளிம்பில் சிதறுவதால்தான் மொத்தமும் மங்குகிறது. எஃப் 8 முதல் 11 வரை போதும்.

மீதி வேலை கோணத்துக்கு. வலையில் பெருக்கல் குறி போல வெள்ளைக் கோடு போட்டு, தலைகீழாக உட்கார்ந்திருக்குமே, அந்தச் சிலந்தியில் தொடங்குங்கள். உடலையும் கால்களையும் வலையோடு ஒட்டிப் பரப்பி வைத்திருக்கும். கேமராவின் பின்பக்கத்தை வலைக்கு இணையாகப் பிடித்தால் பெரும்பகுதி ஒரே தளத்தில் வந்துவிடும். கொஞ்சம் சாய்ந்தாலும் ஒரு பக்கக் கால்கள் போச்சு. நீங்கள் நெருங்கியதும் வலையைப் போட்டு ஆட்டும். அடங்கும்வரை அப்படியே நில்லுங்கள்.

சுவரில் ஈ பிடிக்கும் தாவும் சிலந்திக்கு இது பொருந்தாது. அதன் முகத்தில் பெரிய கண்கள் இரண்டு. கேமராவை அந்த உயரத்துக்கு இறக்குங்கள். பெரும்பாலும் அதுவே திரும்பி லென்ஸைப் பார்க்கும். கண் தெளிந்தால் போதும், பின்னுடல் மங்கட்டும். ஆட்டோ ஃபோகஸை அணைத்துவிட்டு, மூச்சை அடக்கி, உடம்பை மெல்ல முன்னே சாய்த்தபடி நாலைந்து படம் தட்டுங்கள். ஒன்றாவது தேறும்.

ஃபிளாஷ் அவசியம். ஷட்டர் 1/200 நொடி, ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) 200, ஃபிளாஷ் முழுத் திறனில் 1/8 அல்லது அதற்கும் கீழே. அந்த மின்னல் நொடியில் கை நடுக்கம் தெரியாது. ஃபிளாஷுக்கு முன்னால், பார்சலில் வரும் வெள்ளை ஃபோம் தாளைக் கட்டுங்கள். இல்லாவிட்டால் பளபளப்பான உடலில் வெள்ளைத் திட்டுகள் விழும்.

அசையாமல் இருக்கச் சிலந்தியை ஃபிரிட்ஜில் வைக்கச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது பிடிக்காது. மார்கழி அதிகாலையில் போங்கள். குளிரில் அதுவே மந்தமாக இருக்கும், வலையில் பனித்துளியும் கிடைக்கும். அப்புறம், மண்டியிடும் முன் தரையில் கட்டெறும்பு ஊர்கிறதா என்று பாருங்கள். என் நல்ல படங்கள் பல அதனால்தான் கெட்டன.