பிறக்காத குழந்தைக்குத் துணி தைத்துக்கொண்டு போனேன்

வாசகி கடிதம்

அன்புள்ள அம்மா,

எனக்கு 36 வயது. பிறந்தது கோபிச்செட்டிபாளையம் பக்கத்தில் ஒரு கிராமம். கல்யாணமாகிப் பதினான்கு வருடங்களாகத் திருப்பூரில் குடியிருக்கிறோம். கணவர் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர், பீஸ் ரேட். நான் இன்னொரு கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன். மகன் ஏழாம் வகுப்புப் படிக்கிறான்.

கணவரின் அக்காவை எங்கள் பக்கத்து வழக்கப்படி நங்கை என்றுதான் கூப்பிடுவேன். அவருடைய மகளுக்கு 2025 ஐப்பசியில் கட்டுச்சோறு (எங்கள் பக்கத்து வளைகாப்பு) வைத்தார்கள். ஒன்பதாம் மாதம். மாப்பிள்ளை வீட்டார் வசதியானவர்கள், மண்டபத்தில் முந்நூறு பேர் இருப்பார்கள். என் கணவர் அந்தப் பெண்ணுக்குத் தாய்மாமன். கூட்டத்தோடு கூட்டமாகப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வரக்கூடிய உறவு இல்லை எங்களுடையது.

ஒரு வாரம் முன்பே மாமியார் போன் செய்தார். "தாய்மாமன் வீட்டிலிருந்து அரைப் பவுனாவது வர வேண்டும். உன் கல்யாணத்தில் அவள் உனக்கு அரைப் பவுன் மோதிரம் போட்டதை மறந்துவிடாதே" என்றார். மறக்கவில்லை அம்மா. எங்கள் கல்யாணத்தில் இணைச்சீருக்கு (மாப்பிள்ளையின் சகோதரி செய்யும் சடங்குக்கு) நின்றவரும் நங்கைதான். ஆனால் அப்போது பவுன் தொண்ணூறாயிரம் ரூபாய் விற்றது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கான வரியை 50 சதவீதமாக்கிய பிறகு கணவரின் கம்பெனியில் ஆர்டர் குறைந்து ஓவர்டைம் நின்றுவிட்டது. சில வாரங்களில் நான்கு நாள்தான் வேலை. அந்தப் பெண் பெரியவளானபோதும், அவள் கல்யாணத்தின்போதும் தாய்மாமன் சீரைக் கடன் வாங்கித்தான் செய்தோம். கல்யாணக் கடன் இன்னும் முடியவில்லை.

கடைசியில் ஒரு காட்டன் புடவை, இரண்டு டஜன் கண்ணாடி வளையல், பழம், பூ, உறையில் 2,001 ரூபாய் கொண்டுபோனோம். மனம் ஆறாமல், கணவரின் பழைய வேட்டிகள் நான்கைக் கிழித்து, ஓரம் மடித்துத் தைத்து, குழந்தைக்கு இருபது துணிகளும் தொட்டிலுக்கு ஒரு விரிப்பும் செய்து ஒரு பையில் வைத்திருந்தேன். அதில் அத்தனை ஆசை எனக்கு.

மேடையில் நலங்கு வைத்து, வளையல் போட்டேன். அவள் கை வீங்கியிருந்ததால் சோப்பு நுரை தடவித்தான் ஏற்ற முடிந்தது, "மெதுவாக, அத்தை" என்றாள். இறங்குவதற்குள் மாப்பிள்ளை வீட்டுப் பெரியம்மா ஒருவர் என் பையைத் திறந்து துணியைத் தூக்கிப் பிடித்தார். "வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கு இப்போதே துணி கொண்டுவருவார்களா? இதுகூடத் தெரியாத அத்தை" என்றார். மண்டபமே என்னைப் பார்த்தது. நங்கை ஒன்றும் பேசாமல் பையை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். பந்தி முடிந்து கை கழுவும் இடத்தில் மாமியார் சொன்னார்: "செய்யத்தான் முடியவில்லை, கெடுக்காமலாவது இருந்திருக்கலாம்."

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வருகிறது. அந்தப் பெரியம்மா துணியைத் தூக்கிப் பிடித்த கை கண்ணில் நிற்கிறது. போன் அடித்தாலே நெஞ்சு படபடக்கிறது. பண்ணாரி அம்மனுக்கு வேண்டிக்கொண்டிருக்கிறேன். கார்த்திகைக் கடைசியில் பிரசவத் தேதி சொல்லியிருக்கிறார்கள். என் துணியால் அவளுக்கு ஏதாவது ஆகிவிடுமா? மகளிர் குழுவில் ஐம்பதாயிரம் கடன் எடுத்துக் குழந்தையைப் பார்க்கப் போகும்போது அரைப் பவுன் போட்டுவிடலாமா? அல்லது போகாமலே இருந்துவிடுவதா? கணவரிடம் கேட்டால் "விடு" என்கிறார். விட முடியவில்லை.

பெயர் வெளியிட விரும்பாத வாசகி,
திருப்பூர்

ஆலோசகர் பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

இதைப் படித்து முடிப்பதற்கு முன்பே அந்தப் பெண்ணுக்கு ஒரு போன் செய்யுங்கள். வளையல் போடும்போது கை வீங்கியிருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். கடைசி மாதங்களில் கால் வீங்குவது பலருக்கும் உண்டு. ஆனால் கையோ முகமோ வீங்கினால் ரத்த அழுத்தத்தைப் பார்த்துவிட வேண்டும். தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்றில் வலி இருக்கிறதா என்று கேளுங்கள். 140/90 என்ற அளவைத் தொட்டிருந்தாலோ, இவற்றில் ஏதாவது இருந்தாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போகச் சொல்லுங்கள். பெரும்பாலும் "போன வாரம்தான் பார்த்தார்கள், ஒன்றும் இல்லை" என்று சொல்வாள். சொல்லட்டும், நல்லதுதானே.

முந்நூறு பேர் வந்த விசேஷத்தில் அவள் கையைப் பார்த்தவர் நீங்கள். இதை உங்களைத் தேற்றுவதற்காகச் சொல்லவில்லை. உங்கள் கடிதத்தில் அந்தப் பெரியம்மா வருகிறார், மாமியார் வருகிறார், நங்கை வருகிறார். யாருக்காகக் கட்டுச்சோறு கட்டினார்களோ அந்தப் பெண் ஒரே ஒரு வரியில்தான் வருகிறாள். அந்த வரியில் அவள் உங்களிடம் ஒன்று கேட்கிறாள், நீங்கள் அதைச் செய்கிறீர்கள். வளைகாப்புகளில் நான் பார்த்து வேதனைப்படுவது, வரிசையில் நின்று வருகிறவர்கள் வீங்கிய கையில் கண்ணாடி வளையலை அழுத்தித் தள்ளிவிட்டு, போட்டோவுக்குத் திரும்பிக்கொள்வதுதான். நுரை தடவி நோகாமல் ஏற்றிவிடுவதைவிட ஒரு விருந்தாளி அந்த மேடையில் செய்யக்கூடிய பெரிய காரியம் எனக்குத் தெரியவில்லை.

இனி உங்கள் பயம். உங்கள் துணியால் அவளுக்கோ குழந்தைக்கோ எதுவும் ஆகாது. குழந்தை பிறக்குமுன் துணி, தொட்டில் வாங்கக் கூடாது என்பது நம் பக்கத்தில் பல வீடுகளில் இருக்கிற வழக்கம், என் அமுச்சியும் (அம்மாவைப் பெற்ற பாட்டி) சொல்வார். அதை நான் கேலி செய்ய மாட்டேன். அது எங்கிருந்து வந்தது என்று நினைத்துப் பாருங்கள். 1971-இல்கூட இந்தியாவில் உயிருடன் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 129 குழந்தைகள் ஒரு வயதுக்குள் இறந்தன. அதற்கு முந்தைய காலத்தைக் கேட்கவே வேண்டாம். கை வெறுமையாகத் திரும்பிய தாயின் கண்ணில் தைத்து வைத்த சட்டையும் கட்டி வைத்த தொட்டிலும் படக் கூடாது என்று யாரோ ஒரு கிழவி யோசித்திருப்பாள். துணி வந்ததால் குழந்தை போகும் என்று அவள் நினைத்திருக்க மாட்டாள். குழந்தை போய்விட்டால் துணி வதைக்குமே என்றுதான் அஞ்சியிருப்பாள். தாயின் மீது கொண்ட இரக்கம் நாளாக நாளாகச் சகுனமாக இறுகியிருக்கும். 2020-இல் தமிழ்நாட்டில் அந்தக் கணக்கு ஆயிரத்துக்கு 13. இன்று பிரசவத்துக்குக் கிளம்பும்போது துவைத்த பழைய பருத்தித் துணியை எடுத்து வரச் சொல்லி மருத்துவமனையிலேயே கேட்கிறார்கள்.

இன்னொன்றையும் அந்தப் பெரியம்மா மறந்துவிட்டார். பிறந்த குழந்தைக்கு முதல் நாட்களில் புதுத்துணி போடாமல், துவைத்துத் துவைத்து மெதுவான பழைய வேட்டியில் சுற்றுவதும் நம் வழக்கம்தான். நீங்கள் கொண்டுபோனது வழக்கத்துக்கு விரோதமான பொருள் இல்லை. ஒரு மாதம் முன்னதாகக் கொண்டுபோய்விட்டீர்கள், மேடைக்குக் கொண்டுபோய்விட்டீர்கள், அவ்வளவுதான். நங்கையின் கையில் வீட்டில் கொடுத்திருந்தால் பேச்சே வந்திருக்காது. அதைப் பிழை என்று ஒப்புக்கொள்ளலாம். ஒரு மாதத் தூக்கத்தை அதற்கு அபராதமாகக் கட்ட வேண்டியதில்லை. வழக்கம் தெரிந்தவர் அருகில் வந்து காதோடு சொல்லியிருக்க வேண்டும். பிறர் கொண்டுவந்த பையைத் திறந்து உயர்த்திக் காட்டுவது எந்த ஊர் முறையிலும் சேராது.

இதோடு சேர்த்து ஒன்று சொல்லிவிடுகிறேன். கணவரை இழந்தவர்கள், குழந்தை தங்காதவர்கள் வளைகாப்பில் பின்வரிசையில் தாமாகவே ஒதுங்கி உட்காருகிறார்கள். அவர்களில் சிலர் பிறகு என்னிடம் வந்து அழுதிருக்கிறார்கள். தன் தங்கை மகளுக்கு ஒரு ஜோடி வளையல் போட ஆசைப்பட்டு, கைக்குள்ளேயே வைத்திருந்து திரும்பக் கொண்டுவந்த ஒரு பெண்மணியை என்னால் மறக்க முடியாது. சகுனம் பார்ப்பதற்கு விலை உண்டு, அந்த விலையை எப்போதும் பேச முடியாதவர்களே கொடுக்கிறார்கள். உங்களையும் அன்றைக்கு அந்த வரிசையில் உட்கார வைத்துவிட்டார்கள் என்பதால்தான் இவ்வளவு வலிக்கிறது.

அரைப் பவுனுக்கு வருவோம். கடன் எடுக்காதீர்கள். மொய் என்பது நோட்டில் ஏறும், வைத்தவர் வீட்டு விசேஷத்தில் திரும்பிப் போகும். அது கணக்கு, அதை மறைக்க வேண்டியதில்லை. தாய்மாமன் சீர் கடமை, அதை அவள் பெரியவளானபோதும் கல்யாணத்திலும் கடன்பட்டுச் செய்துவிட்டீர்கள். கட்டுச்சோற்றில் முதல் பொறுப்பு பெற்றவர்களுடையது. வகை வகையாகச் சோறு கட்டிக்கொண்டு போய், மகளை மடி நிறைத்து அழைத்து வருவது அவர்கள் காரியம். பிறக்கப்போகும் குழந்தைக்கு நாளைக்குத் தாய்மாமன் முறை செய்யப்போவதும் அந்தப் பெண்ணின் உடன்பிறந்தவன்தான், உங்கள் கணவர் இல்லை. வீட்டுக்கு வீடு முறை கொஞ்சம் மாறும். ஆனால் கட்டுச்சோற்றுக்குத் தாய்மாமன் தங்கம் போட்டே தீர வேண்டும் என்று நான் எங்கும் கேட்டதில்லை. வேப்பிலையும் கண்ணாடி வளையலும் சந்தனமும்தான் அந்தச் சடங்கின் பொருள்கள். அங்கன்வாடி மூலம் அரசு நடத்தும் சமுதாய வளைகாப்புக்கு ஒரு முறை போய்ப் பாருங்கள். வரிசையாக உட்கார்ந்திருக்கும் கர்ப்பிணிகள் எல்லோருக்கும் ஒரே மாதிரித் தட்டு, ஒரே மாதிரி வளையல், ஒரே சாப்பாடு. யார் முகத்திலும் பொலிவு குறைந்து நான் பார்த்ததில்லை.

நங்கை போட்ட மோதிரம் வேறு கணக்கு. தம்பி கல்யாணத்தில் அக்கா ஆசையாகப் போட்டது அது. அவருக்குச் செய்ய வேண்டும் என்று உங்களுக்கும் ஆசை இருந்தால், கம்பெனியில் வேலை சீரான பிறகு, உங்கள் கைப்பணத்தில் செய்யுங்கள். வட்டி கட்டிக்கொண்டு கொடுத்தால் அவர் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் தவணைத் தேதிதான் உங்களுக்கு நினைவு வரும்.

மாமியார் சொன்ன சொல் கொடுமையானது. அதை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் அவர் அன்றைக்கு யாராக நின்றுகொண்டிருந்தார் என்று பாருங்கள். வசதியான சம்பந்தி வீட்டாருக்கு எதிரில், மகளின் பக்கம் ஒரு படி இறங்கிவிட்டதே என்று பதறிய தாயாக நின்றார். அந்தப் பதற்றத்தைச் சம்பந்தியிடம் காட்ட முடியாது, உங்களிடம் காட்டினார். நங்கை பேசாமல் பையை எடுத்துப்போனதை நீங்கள் கோபம் என்று எடுத்துக்கொண்டீர்கள். இன்னும் நான்கு பேர் துணியைத் தூக்கிப் பார்க்கக் கூடாது என்றும் எடுத்துப்போயிருக்கலாம். எது என்று எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. கேட்டால்தான் தெரியும்.

கேட்க வேண்டியது உங்கள் கணவர். அவருடைய அக்கா, அவருடைய அம்மா. "விடு" என்று அவர் சொல்வது உங்களைத் தேற்றுவதற்காக இருக்கும், ஆனால் பாரம் முழுவதும் உங்கள் தலையில்தான் இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் தனியாக நங்கை வீட்டுக்குப் போகட்டும். "அக்கா, இப்போது வேலை இல்லை, எங்களால் தங்கம் போட முடியவில்லை. துணி விஷயம் தெரியாமல் நடந்தது" என்று தம்பியாகச் சொல்லட்டும். அவ்வளவு போதும். நீங்கள் போய் மன்னிப்புக் கேட்டு நிற்க வேண்டாம்.

இரவு இரண்டு மணி விழிப்புக்கு ஒரு வழி சொல்கிறேன். மாலையில் வேலை முடிந்து வந்ததும் இருபது நிமிடம் ஒதுக்கி, மண்டபத்தில் நடந்ததை ஒரு நோட்டில் எழுதுங்கள். நினைவில் இருப்பது அத்தனையும் எழுதுங்கள், வீங்கிய கையும் சோப்பு நுரையும் உட்பட. எத்தனை பேர் உண்மையில் உங்களைப் பார்த்தார்கள் என்று எண்ணிப் பெயர் எழுதுங்கள். "மண்டபமே" என்று எழுதியிருக்கிறீர்கள். பந்திக்கு இலை போடும் நேரத்தில் மண்டபம் முழுவதும் ஒரு பையைப் பார்க்காது. இரவில் நினைப்பு வந்தால், நாளை மாலை ஆறு மணிக்கு நோட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று அதற்குத் தவணை சொல்லுங்கள். முதல் சில நாட்கள் கேட்காது, பிறகு கேட்கும். இரண்டு வாரம் இப்படிச் செய்தும் தூக்கமும் பசியும் திரும்பவில்லை என்றால், அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

குழந்தை பிறந்ததும் கண்டிப்பாகப் போங்கள். முதல் வாரக் கூட்டம் கலைந்த பிறகு போனால் தாய்க்கும் நல்லது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுக் குழந்தையைத் தூக்குங்கள், சளி இருமல் இருந்தால் நாள் தள்ளிப் போங்கள். நிறம் என்ன, யார் சாயல், பால் போதுமா என்றெல்லாம் மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள். நீங்கள் அவளுக்குப் பூண்டுக் குழம்போ கருப்பட்டியோ கொண்டுபோய், அவள் ஒரு மணி நேரம் தூங்கும்வரை பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டிருங்கள்.

அந்தப் பை எங்கே என்று நங்கையிடம் உங்கள் கணவர் கேட்கும்போது, துணிகளை ஒரு முறை வெந்நீரில் அலசி வெயிலில் காயவைத்து, ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போகும் பையில் வைத்துவிடச் சொல்லட்டும். அது எங்கோ மூலையில் தொலைந்துபோயிருந்தால், உங்கள் வீட்டில் இன்னொரு பழைய வேட்டி இருக்காதா?