நுரை நிற்காத ஷேவிங் சோப்பு

கேள்வி: கட்டி ஷேவிங் சோப்பு வாங்கினேன். எவ்வளவு தேய்த்தாலும் நுரை ஒரு நிமிடத்தில் காய்ந்துவிடுகிறது. சோப்பு சரியில்லையா?
– ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: சோப்பைக் குறை சொல்லாதீர்கள். வீட்டில் போர்வெல் தண்ணீரா? அதிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத படிவாகிவிடும், நுரைக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். ஒரு டம்ளர் ஆர்.ஓ. தண்ணீரோ மழைத்தண்ணீரோ எடுத்துச் செய்து பாருங்கள், வித்தியாசம் அன்றைக்கே தெரியும். அப்புறம், பலர் சோப்பை ரொம்பக் குறைவாக எடுக்கிறார்கள். கட்டியின் மேல் ஒரு ஸ்பூன் வெந்நீர் விட்டு 5 நிமிடம் ஊறவிடுங்கள், நனைத்த பிரஷ்ஷை நன்றாக உதறிவிட்டு, முடியில் பசை மாதிரி ஒட்டும்வரை 30 விநாடியாவது சுழற்றுங்கள். பிறகு கன்னத்தில் வைத்துத் தேய்க்கும்போது சொட்டுச் சொட்டாகத்தான் தண்ணீர். பெரிய குமிழி வந்தால் தண்ணீர் அதிகம், இன்னும் கொஞ்சம் சோப்பு எடுங்கள். கெட்டித்தயிர் போல பளபளப்பாக வந்தால் சரி, கத்தியை எடுக்கலாம்.