பழைய கணக்கில் பாக்கி இருந்தால் புது வங்கிக் கணக்கு கிடைக்குமா?

கேள்வி: வணக்கம் சார். 2022-இல் டெக்சஸில் எம்.எஸ். முடித்தேன். வேலை சரியாக அமையாததால் கோவைக்கே திரும்பிவிட்டேன். கிளம்பும்போது என் ஸ்டூடன்ட் அக்கவுன்டில் ஐம்பது, அறுபது டாலர் கிடந்தது. இருக்கட்டும் என்று மூடாமலே விட்டுவிட்டேன். இப்போது எச்-1பி விசாவில் டாலஸ் வந்திருக்கிறேன். இரண்டு வங்கிகளில் ஆன்லைனில் விண்ணப்பித்தேன். இரண்டிலும் மறுத்துவிட்டார்கள். கிரெடிட் கார்டில் ஒரு டாலர்கூட பாக்கி வைத்தவன் இல்லை நான். இன்னும் இரண்டு வாரத்தில் முதல் சம்பளம், எச்.ஆர். வங்கியின் அடையாள எண்ணான ரவுட்டிங் நம்பரைக் கேட்கிறார்கள். 'செகண்ட் சான்ஸ்', 'மாதக் கட்டணமே கிடையாது' என்று ஆன்லைன் கணக்குகளின் விளம்பரம் போனைத் திறந்தாலே வருகிறது. எதை எடுக்கலாம்? இல்லை, மனைவி பெயரில் கணக்கு தொடங்கி அதில் சம்பளத்தைப் போடச் சொல்லலாமா?

பதில்: அந்த அறுபது டாலருக்கு என்ன ஆகியிருக்கும் என்று என்னால் ஊகிக்க முடிகிறது. படித்துவிட்டு ஊருக்குப் போய்த் திரும்பி வந்தவர்களிடம் இதே கதையைப் பல தடவை கேட்டிருக்கிறேன். மாணவர் கணக்குக்கு மாதக் கட்டணம் இருக்காது. படிப்புக் காலம் முடிந்ததும் அது சத்தமில்லாமல் சாதாரணக் கணக்காக மாறும். மாதம் 12 டாலர் பிடித்தால் ஐந்து மாதத்தில் அறுபது காலி, ஆறாவது மாதம் மைனஸ். அந்த டெபிட் கார்டில் ஏதாவது சந்தா ஓடிக்கொண்டிருந்தால் இன்னும் சீக்கிரம். அதற்கு மேல், இருப்பைத் தாண்டிப் போனதற்கான ஓவர்டிராஃப்ட் கட்டணம் வேறு, பல வங்கிகளில் தடவைக்கு 35 டாலர். மைனஸில் விழுந்த கணக்கு 60 நாளுக்குள் சரியாகாவிட்டால் அதை வாராக்கடனாக எழுதிவிட வேண்டும் என்பது இந்த நாட்டு வங்கிக் கண்காணிப்பு அமைப்புகளின் வழிகாட்டுதல். எழுதினார்கள், மூடினார்கள், கடிதம் நீங்கள் காலி செய்த அபார்ட்மென்டுக்குப் போனது. அவ்வளவுதான் நடந்திருக்கும்.

மூடிய கையோடு அந்த விவரத்தை ஒரு நிறுவனத்துக்கும் அனுப்பியிருப்பார்கள். அதன் பெயர் செக்ஸ்சிஸ்டம்ஸ். தமிழில் எழுதினால் சங்கடமாகத்தான் இருக்கிறது, என்ன செய்ய. காசோலை என்கிற 'செக்'கிலிருந்து வந்த பெயர் அது. யார் கணக்கை மைனஸில் விட்டார், யார் கணக்கை வங்கி தானே மூடியது என்ற விவரமெல்லாம் அங்கே 5 ஆண்டு இருக்கும். புதுக் கணக்கு கேட்டு வருபவரின் எஸ்.எஸ்.என். என்கிற சமூகப் பாதுகாப்பு எண்ணைப் போட்டு வங்கிகள் அங்கே பார்க்கின்றன. நீங்கள் ஊருக்குப் போனாலும் உங்கள் எஸ்.எஸ்.என். இங்கேயேதான் இருந்தது. ஏர்லி வார்னிங் சர்வீசஸ் என்று இன்னொன்றும் உண்டு. ஸெல் பணப் பரிமாற்றத்தை நடத்துவதும் அதே நிறுவனம்தான், பெரிய வங்கிகள் சில சேர்ந்து வைத்திருப்பது. இந்த இரண்டுக்கும் உங்கள் கிரெடிட் ஸ்கோருக்கும் சம்பந்தமில்லை. ஸ்கோர் 760 இருப்பவரையும் கணக்குத் தொடங்க விடாமல் திருப்பி அனுப்புவார்கள். உங்களுக்கு நடந்தது அதுதான்.

அதனால் மூன்றாவதாக ஒரு வங்கியில் விண்ணப்பிக்காதீர்கள். ஒவ்வொரு விசாரிப்பும் அந்த அறிக்கையில் பதிவாகும். அடுத்தடுத்து நாலு இடத்தில் கேட்டவர் என்று தெரிந்தால் அடுத்த வங்கி இன்னும் யோசிக்கும்.

மறுத்த வங்கிகள் உங்களுக்கு மெயிலோ கடிதமோ அனுப்பியிருக்கும். பெரும்பாலோர் முதல் வரியை மட்டும் படித்துவிட்டு அழித்துவிடுவார்கள். கீழே போய்ப் பாருங்கள். எந்த நிறுவனத்தின் தகவலை வைத்து மறுத்தோம் என்று அதில் பெயர் சொல்லியாக வேண்டும், சட்டம் அது. பெயர் குறிப்பிட்ட நிறுவனத்திடம் 60 நாளுக்குள் கேட்டால் உங்கள் அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். மறுப்பு எதுவும் இல்லாவிட்டால்கூட ஆண்டுக்கு ஒரு தடவை இலவசம். இதற்குப் பணம் கேட்கும் தளம் எதுவானாலும் மூடிவிட்டு வாருங்கள். கேட்கும்போது பழைய டெக்சஸ் முகவரியையும் கொடுங்கள்.

அறிக்கை வந்ததும் மூன்று இடத்தில் கண்ணை ஓட்டுங்கள். எந்த வங்கி, எவ்வளவு தொகை, என்ன காரணம். காரணம்தான் முக்கியம். ஓவர்டிராஃப்ட் என்றோ கணக்கைச் சரியாக நடத்தவில்லை என்றோ இருந்தால் தீர்த்துவிடலாம். மோசடிச் சந்தேகம் என்று இருந்தால் அது வேறு கேஸ். அங்கே முதல் வேலை ஆதாரத்தோடு மறுப்பது. தகவல் தப்பு என்று எழுத்தில் சொன்னால் பொதுவாக 30 நாளுக்குள் விசாரித்துப் பதில் சொல்ல வேண்டும். உங்கள் விஷயத்தில் மறுக்க ஒன்றும் இருக்காது என்று நினைக்கிறேன். இருநூறு, முந்நூறு டாலர் பாக்கி இருக்கும். கட்டிவிடுங்கள்.

கட்டுவதற்கு முன்னால் ஒரு போன். பாக்கி இன்னும் வங்கியிடமே இருக்கிறதா, வசூல் கம்பெனிக்குக் கைமாறிவிட்டதா என்று வங்கியிடம் கேளுங்கள். யாரிடம் இருக்கிறதோ அவருக்குத்தான் கட்ட வேண்டும். வசூல் கம்பெனியிடம் போயிருந்தால், கடன் விவரத்தை எழுத்தில் வாங்காமல் கார்டு நம்பரைச் சொல்லிவிடாதீர்கள். கட்டிய பிறகு 'முழுதும் தீர்ந்தது' என்று கடிதம் வாங்கி, செக்ஸ்சிஸ்டம்ஸிலும் அப்படியே திருத்தச் சொல்லுங்கள். பதிவே மறைந்துவிடுமா என்றால், உண்மையான பதிவை நீக்கியே தீர வேண்டும் என்ற கட்டாயம் வங்கிக்குக் கிடையாது. 'பாக்கி' என்பது 'கட்டிவிட்டார்' என்று மாறும். அந்த ஒரு வார்த்தைக்குக் கவுன்டரில் நல்ல மதிப்பு உண்டு. ஐந்நூறு டாலர் கொடுங்கள், பதிவையே துடைத்துவிடுகிறோம் என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். அவர்களால் செய்ய முடிந்ததை நீங்களே காசில்லாமல் செய்யலாம்.

சரி, சம்பளம் இரண்டு வாரத்தில். இதெல்லாம் முடியும்வரை அது காத்திருக்காது. ஆன்லைன் கணக்குக்கு வருவோம்.

செக்ஸ்சிஸ்டம்ஸ் பார்க்காமலே கணக்குத் தருபவர்களில் அதிகம் பேருக்குத் தெரிந்த பெயர் சைம். மாதக் கட்டணம் இல்லை, குறைந்தபட்ச இருப்பு இல்லை. ஆனால் சைம் ஒரு வங்கி கிடையாது. அது ஆப் நடத்தும் நிறுவனம். பணம் உண்மையில் இருப்பது பேன்கார்ப் பேங்க் அல்லது ஸ்ட்ரைட் பேங்கில். எச்.ஆர். படிவத்தில் வங்கியின் பெயர் என்ற கட்டத்தில் 'சைம்' என்று எழுதிவிட்டு முழிப்பவர்கள் உண்டு. ஆப்பில், சம்பளம் நேரடியாகக் கணக்குக்கு வருவதற்கான டைரக்ட் டெபாசிட் பக்கத்தைத் திறந்தால் எந்த வங்கி, என்ன ரவுட்டிங் நம்பர் என்று இருக்கும். அதை எழுத வேண்டும். வாரோ என்பது இதே வகை ஆப்தான், ஆனால் 2020-இல் சொந்தமாகத் தேசிய வங்கி உரிமமே வாங்கிவிட்டது. பணம் அவர்களிடமே இருக்கிறது.

இந்த வித்தியாசத்தை ஏன் இழுக்கிறேன் என்றால், 2024-இல் நடந்தது அப்படி. ஆப்களுக்கும் வங்கிகளுக்கும் நடுவில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த சினாப்ஸ் என்ற நிறுவனம் ஏப்ரலில் திவாலானது. மே மாதம் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் தங்கள் பணத்தைத் தொட முடியாமல் நின்றார்கள். யார் பணம் எந்த வங்கியில் எவ்வளவு என்ற பேரேடு ஒத்துப்போகவில்லை, 6.5 கோடி முதல் 9.6 கோடி டாலர்வரை இடித்தது. எஃப்.டி.ஐ.சி. என்கிற அரசு அமைப்பின் வைப்புத்தொகைக் காப்பீடு இருக்கிறதே, 2,50,000 டாலர்வரை என்று எல்லா ஆப்பிலும் போட்டிருந்ததே என்று கேட்டார்கள். அந்தக் காப்பீடு வங்கி மூழ்கினால்தான் வரும். இங்கே வங்கி எதுவும் மூழ்கவில்லை, நடுவில் இருந்தவர்தான் மூழ்கினார்.

அப்புறம், இந்த 'இலவசம்' எப்படிக் கட்டுப்படியாகிறது என்று கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. நீங்கள் கார்டைத் தேய்க்கும்போதெல்லாம் கடைக்காரரிடமிருந்து வங்கிக்குச் சிறு தொகை போகிறது. 1,000 கோடி டாலர் சொத்துக்கு மேல் உள்ள வங்கிகளுக்கு அதில் உச்சவரம்பு உண்டு: 21 சென்ட்டும் தொகையில் 0.05 சதவீதமும், மேலே ஒரு சென்ட் வரலாம். அதற்குக் கீழே உள்ள சின்ன வங்கிகளுக்கு வரம்பு இல்லை. ஆப்கள் பெரும்பாலும் பெயர் தெரியாத சின்ன வங்கிகளோடு கைகோப்பதற்கு இது முக்கியக் காரணம். ஆக, உங்களிடம் வாங்காமல் உங்கள் மளிகைக் கடைக்காரரிடம் வாங்கிக்கொள்கிறார்கள். இதில் உங்களுக்கு நஷ்டம் ஒன்றுமில்லை.

நஷ்டம் ஓரங்களில் இருக்கிறது. அவர்கள் வலையில் இல்லாத ஏ.டி.எம்.மில் எடுத்தால் கட்டணம், அந்த ஏ.டி.எம்.காரர் போடும் கட்டணம் தனி. ரொக்கத்தைக் கணக்கில் போட வேண்டுமென்றால் கடைக் கவுன்டரில்தான். சில கணக்குகளுக்குச் சில கடைகளில் தடவைக்கு ஏறக்குறைய 5 டாலர். பணத்தை உடனே வேறு கணக்குக்கு மாற்றக் கட்டணம், சம்பளத்துக்கு முன்பணம் கொடுத்துவிட்டு 'டிப்ஸ்' என்ற பெயரில் ஒரு வசூல். சில கணக்குகளில் சம்பளம் நேரடியாக வந்தால்தான் மாதக் கட்டணம் இல்லை. கிரீன் டாட் நடத்தும் கோ2பேங்க் அந்த ரகம். வேலை மாறும் இடைவெளியில் பிடிக்க ஆரம்பித்துவிடுவார்கள். பழைய கதை மறுபடி!

டாலஸில் புதிதாக வீடு எடுப்பவருக்கு இன்னொன்றும் இடிக்கும். அபார்ட்மென்ட் ஆபீஸ் முன்பணத்தைக் கேஷியர்ஸ் செக்காக, அதாவது வங்கியே தன் பொறுப்பில் எழுதித் தரும் காசோலையாகக் கேட்கும். கிளையே இல்லாத ஆப்பில் அது எளிதில் கிடைக்காது. மளிகை, மின்சாரம் என்று நண்பர்களோடு பங்கு பிரிப்பது முழுக்க ஸெல்லில் ஓடுகிறது. வங்கி வழியாக இல்லாமல் ஸெல் பயன்படுத்த இருந்த தனி ஆப்பை 2025 ஏப்ரல் 1-இல் நிறுத்திவிட்டார்கள். உங்கள் கணக்கில் ஸெல் உண்டா என்று தொடங்குவதற்கு முன்பே பாருங்கள். கோவைக்கு அம்மாவுக்குப் பணம் அனுப்பப் பயன்படுத்தும் ஆப் இந்தக் கணக்கை ஏற்குமா என்பதையும்.

எல்லாவற்றையும்விட நான் பெரிதாக நினைப்பது, ஏதாவது தகராறு என்றால் மனிதக் குரல் கேட்குமா என்பதை. 2024 மே மாதம் சைம் மீது நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு ஆணையம் 32.5 லட்சம் டாலர் அபராதம் போட்டது. கணக்கை மூடிய பிறகு மீதிப் பணத்தை வாடிக்கையாளர்களுக்குத் திருப்பித் தர இழுத்தடித்ததற்காக. ஆயிரக்கணக்கானோருக்கு 90 நாளுக்கு மேல் ஆனது. வாடகை கட்ட வேண்டியவருக்கு 90 நாள் என்பது மூன்று வாடகை. அதனால் எந்தக் கணக்கைத் திறந்தாலும் சம்பளத்தை அனுப்பும் முன் சோதித்துப் பாருங்கள். இருபது டாலர் போடுங்கள், வீட்டுக்குப் பக்கத்து ஏ.டி.எம்.மில் எடுங்கள், ஒரு சனிக்கிழமை சாயங்காலம் வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்யுங்கள். இருபது நிமிடம் பாட்டு மட்டும் கேட்டால் அடுத்த கணக்கைப் பார்க்கலாம்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் இப்படிச் செய்வேன். முதல் சம்பளத்துக்கு, சொந்த உரிமம் உள்ள கட்டணமில்லாத ஆன்லைன் கணக்கு ஒன்று. அதில் செலவுப் பணம் மட்டும். சேமிப்பைக் குவிக்க மாட்டேன். பெயரை எஃப்.டி.ஐ.சி. தளத்தில் உள்ள வங்கித் தேடலில் போட்டுப் பார்ப்பேன். வங்கி என்றால் வரும், வெறும் ஆப் என்றால் வராது. பழைய பாக்கியைக் கட்டிய கடிதம் கைக்கு வந்ததும் அதை எடுத்துக்கொண்டு நேரில் போவேன், ஒன்று பக்கத்துக் கிரெடிட் யூனியன் என்கிற கூட்டுறவு வங்கி மாதிரியான அமைப்புக்கு, இல்லாவிட்டால் 'பேங்க் ஆன்' சான்று பெற்ற கணக்கு தரும் வங்கிக்கு. பேங்க் ஆன் என்பது ஒரு தர நிர்ணயம். ஓவர்டிராஃப்ட் கட்டணம் கூடாது, தொடங்க 25 டாலருக்கு மேல் கேட்கக் கூடாது என்பவை அதன் விதிகள். உண்மையான மோசடி செய்தவரைத் தவிர வேறு யாரையும் பழைய பதிவுக்காக மறுக்க வேண்டாம் என்பது பரிந்துரை. சேஸ் வங்கியின் செக்யூர் பேங்கிங், பேங்க் ஆஃப் அமெரிக்காவின் சேஃப் பேலன்ஸ் இரண்டும் இந்த வகை. மாதம் 4.95 டாலர் என்ற அளவில் கட்டணம் உண்டு, தள்ளுபடிக்கு வழிகளும் உண்டு. எந்த வங்கிக்குப் பாக்கி வைத்தீர்களோ அங்கே மட்டும் பாக்கி தீராமல் போகாதீர்கள்.

கட்டணமே கூடாது என்றுதானே கேட்டேன் என்பீர்கள். மாதம் ஐந்து டாலருக்குக் கதவும் கவுன்டரும் கேஷியர்ஸ் செக்கும் கிடைக்கிறது என்றால் முதல் ஆண்டுக்கு அதைத் தண்டம் என்று சொல்ல மாட்டேன். கிரெடிட் யூனியனில் ஆறு மாதம், ஒரு வருடம் ஒழுங்காக ஓட்டினால் வழக்கமான கணக்குக்கு மாற்றிவிடுவதும் உண்டு. அங்கே எஃப்.டி.ஐ.சி.க்குப் பதில் என்.சி.யு.ஏ. காப்பீடு, அதே 2,50,000 டாலர்.

மனைவி விஷயம். அவர் பெயரில் மட்டும் உள்ள கணக்கில் உங்கள் சம்பளம் வந்தால், பெயர் பொருந்தவில்லை என்று பணம் திரும்பிப் போக வாய்ப்பு உண்டு. உங்கள் கம்பெனியும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். கூட்டுக் கணக்காகத் தொடங்கினால் இருவர் பெயரையும்தான் தேடுவார்கள், உங்கள் பதிவு அங்கேயும் வந்து நிற்கும். அவர் தனக்கென்று இப்போதே ஒன்று தொடங்கிக்கொள்ளட்டும். உங்கள் பாக்கி தீர்ந்த பிறகு அந்த வங்கியிலேயே உங்களையும் சேர்க்கக் கேட்டுப் பாருங்கள். எச்.ஆர்.-இடம் முதல் சம்பளத்தை மட்டும் காகிதக் காசோலையாகத் தரச் சொன்னால் பல கம்பெனிகள் தரும், தயங்காமல் கேளுங்கள்.