பதில்: செவித்திறன் குறைந்த ஆசிரியை கூட்டத்தில் பேசுவதே இல்லை

வணக்கம். புதிதாகச் சேர்ந்த, காதுக் கருவி அணியும் ஆசிரியை கூட்டங்களில் வாயே திறப்பதில்லை, எப்படிப் பேச வைப்பது என்று கேட்டிருந்தீர்கள். முதலில் அவருக்கு மற்றவர்கள் பேசுவது புரிகிறதா என்று பாருங்கள். அந்தக் கருவி மின்விசிறி இரைச்சலையும் நாற்காலி இழுக்கும் சத்தத்தையும் சேர்த்தே கூட்டிக் கொடுக்கும். நாலு பேர் ஒரே நேரத்தில் பேசினால் ஒரு சொல்கூடப் பிரிந்து கேட்காது. வட்டமாக உட்காருங்கள், எல்லார் உதடும் தெரியட்டும். ஒருவர் முடித்தபின் அடுத்தவர் பேசட்டும். கரும்பலகையைப் பார்த்தபடி பேசுவதைத் தலைமையாசிரியரே முதலில் விட வேண்டும். பேசப்போகும் விஷயங்களை முந்தின நாளே எழுத்தில் கொடுங்கள்.

இதற்கெல்லாம் முன்னால், "உங்களுக்கு எது வசதி?" என்று அவரிடமே தனியாகக் கேளுங்கள். எல்லார் முன்னாலும் வேண்டாம், கூசிப்போவார். இன்னொன்று: எல்லாரும் எதற்குச் சிரித்தார்கள் என்று அவர் கேட்டால், "அது ஒண்ணுமில்ல, விடுங்க" என்று தயவுசெய்து யாரும் சொல்லாதீர்கள். அங்கேயே திருப்பிச் சொல்லுங்கள்.