சிலிண்டரை மூடியாயிற்றா?

கேள்வி: என் மனைவிக்கு வயது 34. இரண்டு ஆண்டுகளாக, கேஸ் சிலிண்டரை மூடினோமா என்ற சந்தேகம் அவரை விடுவதில்லை. மஞ்சக்குப்பத்துக்குப் பஸ் ஏறப் போனவர், பாதி வழியில் இரண்டு முறை திரும்பி வந்து பார்த்திருக்கிறார். "மூடியாயிற்று, நானே பார்த்தேன்" என்று தினமும் இருபது முறையாவது சொல்கிறேன். மனநல மருத்துவர் ஓசிடி (வேண்டாத எண்ணமும் அதைத் தணிக்கச் செய்யும் செயலும் திரும்பத் திரும்ப வரும் மனநோய்) என்று சொல்லி மாத்திரை கொடுத்து மூன்று வாரம் ஆகிறது; குறைந்தபாடில்லை. இப்போது உளவியலாளரிடமும் போகச் சொல்கிறார். நான் சொல்லியே அடங்காத பயம், வேறொருவர் பேசினால் அடங்குமா?
– வாசகர், திருப்பாதிரிப்புலியூர், கடலூர்

பதில்: பேச்சால் மட்டும் அடங்காது என்று நீங்கள் நினைப்பது சரிதான். சிலிண்டர் மூடியிருக்கிறது என்பது உங்கள் மனைவிக்கும் தெரியும். தெரிந்தும் பயம் போகாததுதான் இந்த நோய். ஆகவே உளவியலாளர் தரப்போவது ஆறுதலோ அறிவுரையோ அல்ல, பயிற்சி. சிலிண்டரை ஒரே ஒரு முறை மூடிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் தெருவுக்கு வந்து, அங்கேயே நின்று, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தன் பயத்துக்கு நூறுக்கு எத்தனை மதிப்பெண் என்று அவரே எழுதுவார். முதலில் 90 இருக்கும். ஓடிப்போய்ப் பார்க்காமல் தாக்குப்பிடித்தால், அந்த எண் தானாகவே இறங்குவதை அவர் தம் கையெழுத்திலேயே காண்பார். ஒருவேளை அன்றைக்கு இறங்காவிட்டாலும், பார்க்காமலே இருந்துவிட முடிகிறது என்பதைக் கற்றுக்கொள்வார். சிறிய பயத்தில் தொடங்கிப் பெரிய பயத்துக்குப் படிப்படியாக ஏறுவார்கள். எந்தப் படி என்பதை அவரும் சேர்ந்தே முடிவு செய்வார், யாரும் கட்டாயப்படுத்தமாட்டார்கள்.

1966இல் லண்டனில் விக்டர் மேயர் என்ற உளவியலாளர், மற்ற சிகிச்சைகளுக்கு அசையாத இரண்டு நோயாளிகளிடம் இதைச் செய்து காட்டினார். அதுவரை ஓசிடி ஏறக்குறைய தீராத நோய் என்றே கருதப்பட்டு வந்தது. குழந்தைப் பருவ நினைவுகளைத் துருவி ஆராயும் சிகிச்சை வேறு சில துன்பங்களுக்கு உதவலாம்; ஓசிடிக்கு அதை நான் பரிந்துரைப்பதில்லை.

மாத்திரையைப் பொறுத்தவரை, மூன்று வாரம் போதாது. ஓசிடிக்கு அதன் முழுப் பலன் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். மனச்சோர்வுக்குக் கொடுப்பதைவிடக் கூடுதல் அளவும் தேவைப்படலாம். மருத்துவரைக் கேட்காமல் நிறுத்திவிடாதீர்கள்.

இனி உங்களைப் பற்றி. வருத்தத்தோடுதான் சொல்கிறேன்: அன்பினால் நீங்கள் சொல்லும் அந்த இருபது பதில்களும் நோய்க்குத் தீனியாகின்றன. ஒவ்வொரு பதிலும் பத்து நிமிட நிம்மதியைத் தந்துவிட்டு, அடுத்த கேள்வியை அழைத்து வருகிறது. அதற்காக நாளையே வாயை மூடிக்கொண்டால் அவர் தவித்துப்போவார். உளவியலாளர் முன்னிலையில் இருவரும் பேசி, "பயமாக இருக்கிறது என்று தெரிகிறது, இதற்குப் பதில் சொல்வதில்லை என்று நாம் சேர்ந்துதானே முடிவு செய்தோம், நான் கூடவே இருக்கிறேன்" என்பது போன்ற ஒரு வாக்கியத்தை ஒப்புக்கொள்ளுங்கள்.

புதுச்சேரி கோரிமேட்டில் உள்ள ஜிப்மரின் மனநலப் பிரிவு, கடலூரிலிருந்து ஒரே நாளில் போய்வரும் தூரம்தான். இடையில் தவிப்பு அதிகமானால், எந்நேரமும் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநலத் தொலைபேசி உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம். எந்த உளவியலாளரிடம் போனாலும், பயத்தை எதிர்கொண்டு, திரும்பப் பார்க்காமல் இருக்கும் இந்தப் பயிற்சியைத் தருவாரா என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள்.