கூழாங்கல்லும் வைரமும்: வாசகர் கேள்வி பதில்

பதினோராம் வகுப்பு மாணவி, விருத்தாசலம்: அக்கா, பள்ளிச் சுவர் இதழில் மாயாஜால நாவல்களுக்கு விமர்சனம் எழுதுகிறேன். "கதையைத்தான் சொல்கிறாய், விமர்சனம் எங்கே?" என்கிறார் தமிழம்மா. எனக்கு இன்னும் வயது போதாதோ?

வயதில் என்ன இருக்கிறது கண்ணு? 1936-ல் லண்டன் பதிப்பாளர் ஸ்டான்லி அன்வின் ஒரு கதையின் தட்டச்சுப் பிரதியைத் தன் 10 வயது மகன் ரேனரிடம் கொடுத்தார். படித்து அபிப்பிராயம் எழுதினால் ஒரு ஷில்லிங் கூலி. பையன் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, வரைபடங்கள் இருப்பதால் வேறு படம் தேவையில்லை, 5 முதல் 9 வயதுப் பிள்ளைகளுக்குப் பிடிக்கும் என்று முடித்தான். அடுத்த வருடம் அச்சேறிய அந்தப் புத்தகம்தான் டோல்கீனின் புகழ்பெற்ற மாயாஜால நாவல் 'தி ஹாபிட்'. யாருக்கான புத்தகம், அதற்கு எது வேண்டும், எது வேண்டாம் என்று துணிந்து சொன்னான் பார், அது விமர்சனம். நீ அனுப்பிய நகலில் கதைச்சுருக்கம் ஒன்றரைப் பக்கம். "சூப்பர்" என்பது ஒரே வரி.

மாயாஜாலக் கதையை எடுத்ததும் நான் தேடுவது, மந்திரத்துக்கு என்ன விலை என்பதைத்தான். கஷ்டம் வரும்போதெல்லாம் கோலை ஆட்டினால் தீர்ந்துவிடும் என்றால் எனக்குப் பக்கம் புரட்டக் கை வராது. அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா லெ குவினின் 'எ விஸர்ட் ஆஃப் எர்த்ஸீ' (1968) நாவலில், மந்திரப் பள்ளியில் படிக்கும் கெட் ஒரு கூழாங்கல்லை வைரம்போலத் தோன்ற வைக்கிறான். தோற்றம் போதாது, நிஜ வைரமாக்க வழி சொல்லுங்கள் என்று ஆசிரியரைக் கேட்கிறான். அதற்குக் கல்லின் உண்மைப் பெயரையே மாற்ற வேண்டும், அப்படி மாற்றினால் உலகமே மாறும், பின்விளைவு தெரியாமல் ஒரு மணலைக்கூட மாற்றாதே என்கிறார் அவர். கையிலிருக்கும் கல்லைப் பார்த்து, கல்லும் நல்ல பொருள்தானே என்கிறார். கெட்டுக்குத் திருப்தியில்லை. அந்த இடத்தில் பென்சிலால் கோடு போட்டேன். பின்னால் அவன் இழுத்துவிட்டுக்கொள்ளும் விபரீதத்துக்கு விதை இங்கேயே விழுந்துவிட்டது. என்ன விபரீதம் என்று சொல்லமாட்டேன். நீயும் உன் விமர்சனங்களில் சொல்லாதே. இப்படி ஒரு காட்சியைப் பிடித்துக்கொள், அது ஏன் உன்னை விடவில்லை என்று எழுது.

ஒரு வாசகர், தேனி: அட்டைப்படத்தைப் பற்றியும் எழுத வேண்டுமா?

அவசியம் எழுதுங்கள். மேலே சொன்ன கெட் செம்பழுப்பு நிறத்தவன், அவன் நண்பன் வெட்ச் நல்ல கறுப்பு என்று லெ குவின் எழுதியிருக்கிறார். ஆனாலும் பல பதிப்புகளின் அட்டையில் கெட்டை வெள்ளைக்காரனாகவே வரைந்தார்கள். 2004-ல் வந்த தொலைக்காட்சித் தொடரிலும் வெள்ளைக்கார நடிகர்தான். லெ குவின் கோபமாகக் கண்டித்து எழுதினார். என்னிடமுள்ள பழைய பிரதியிலும் வெளிறிய முகம். பழுப்புத் தாளில் அட்டை போட்டுத்தான் அக்காள் மகனிடம் கொடுத்தேன். முடித்த அன்று தாளைப் பிரித்துப் பார்த்தவன், "சித்தி, இது யாரு?" என்றான்.